மணியோடு சொன்ன தேதி

கம்பெனியில் என் பெயர் காலண்டர். முகத்துக்கு நேரே காலண்டர் அண்ணன், முதுகுக்குப் பின்னால் பொய்க் காலண்டர். முதல் பெயர் எனக்கு இருபது வருடமாகத் தெரியும். இரண்டாவது பெயர் தெரிந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அது எப்படித் தெரிந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுடையது வெளிநாட்டுக்கு உடுப்பு தைத்து அனுப்புகிற கம்பெனி. என் அறைக் கதவில் 'பிளானிங்' என்று எழுதியிருக்கும். பெரிய வேலை என்று நினைத்துவிட வேண்டாம். கப்பல் கிளம்பும் நாளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வர வேண்டும். லாரி ஏற ஒரு நாள், பெட்டி கட்ட இரண்டு நாள், தைக்க இத்தனை நாள், துணி வெட்ட இத்தனை நாள், அவ்வளவுதான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கணக்கில் எனக்கு ஒழுங்காக வந்தது கழித்தல் ஒன்றுதான். கூட்டல் வந்திருந்தால் வேறு வேலைக்குப் போயிருப்பேன்.

நூல் வெட்டும் ஆளாகத்தான் உள்ளே வந்தேன். அப்போதிருந்த பிளானிங்காரர் ஒருநாள் சாப்பிடப் போனவர் திரும்பி வரவேயில்லை. "யாருக்குய்யா இந்தத் தேதியெல்லாம் தெரியும்?" என்று முதலாளி கத்தினார். அந்தப் பிளானிங்காரரின் தேதிப் பலகையைத் தினமும் துடைத்தவன் என்ற தகுதியில் நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கை இன்னும் இறங்கவில்லை.

வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே ஒன்று புரிந்துவிட்டது. உண்மைத் தேதியைச் சொன்னால் எந்தச் சரக்கும் அந்தத் தேதிக்கு முடியாது. இருபதாம் தேதி வேண்டும் என்றால் இருபத்து மூன்றில்தான் வரும். அதனால் பதினேழு என்று சொன்னேன். இருபதுக்கு வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, மின்சாரத்தையே கண்டுபிடித்தவன் மாதிரி நடந்தேன்.

ஆனால் எதிராளிகளும் சும்மா இல்லை. கட்டிங் மாஸ்டர் நான் சொல்லும் தேதியோடு நான்கு நாள் கூட்டிக்கொள்வார். தையல் பக்கத்தைப் பார்க்கும் சூப்பர்வைசரம்மா மூன்று நாள் கூட்டுவார். பேக்கிங்கில் ஒருவன் இருக்கிறான். ஒட்டும் டேப் சுருளை வளையல் மாதிரி எப்போதும் கையில் மாட்டியிருப்பதால் அவன் பெயர் டேப்பு. அவன் இரண்டு நாள் கூட்டுவான். அவர்கள் கூட்டுவது தெரிந்து நான் இன்னும் கழித்தேன். நான் கழிப்பது தெரிந்து அவர்கள் இன்னும் கூட்டினார்கள். இப்படியே இருபது வருடம். மொத்தக் கம்பெனியும் என் பொய்யின் மேல் ஓடுகிறது என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. கொஞ்சம் இல்லை, சட்டைப் பொத்தான் தெறிக்கிற அளவுக்கு இருந்தது.

பொய் என்றால் சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போகிற பொய் இல்லை. முகத்தைச் சுளித்து, நெற்றியைத் தேய்த்து, "இந்த ஒரு தடவை மட்டும் காப்பாத்துங்கம்மா" என்பேன். ஒருமுறை சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர், அதாவது பையர், எழுதியது மாதிரி நானே ஒரு கடிதம் தயாரித்து அச்செடுத்துக் காட்டினேன். இன்னொருமுறை கண்ணில் தண்ணீரே வந்தது. அது வெங்காயம் இல்லை, சொந்தத் தண்ணீர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மூவாயிரத்து அறுநூறு குழந்தை ஜாக்கெட். நீலம், சிவப்பு, சாம்பல் என்று மூன்று நிறம். மழைக்குப் போடுவது, முன்னால் ஜிப். நிஜத் தேதி இருபத்தாறு. வழக்கம்போல எல்லாரிடமும் இருபது என்று சொல்லி வைத்திருந்தேன். தைப்பது நாலாம் லைன். முப்பத்திரண்டு பெண்கள். அதில் ஏழாவது மெஷினில் ஜிப் வைப்பவள் என் மனைவி. வீட்டில் 'ஏங்க' என்பாள். கம்பெனிக்குள் 'சார்' என்பாள். அந்த 'சார்' இருக்கிறதே, அதைக் கேட்டால் என் மேல் எனக்கே மரியாதை போய்விடும்.

நாலாம் தேதி புதன்கிழமை முதலாளி வெளிநாட்டிலிருந்து போன் செய்தார். பையர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே பேசினார் போல, குரல் தணிந்திருந்தது.

"அந்த ஜாக்கெட்டுக்குக் கப்பல் மாத்திட்டாங்க. பதினெட்டாந்தேதி. துறைமுகத்துல சாயந்திரம் நாலு மணிக்குக் கேட் மூடிடுவாங்க. அதுக்குள்ள கன்டெய்னர் உள்ள போயாகணும்."

"எட்டு நாள் கொறையுதே முதலாளி."

"கொறையுது. இது போகலைன்னா அடுத்த சீசன் ஆர்டர் நமக்கில்ல. ஆர்டர் இல்லைன்னா நாலாம் லைன மூட வேண்டியதுதான். இத யார்கிட்டயும் மூச்சு விடாத. தெரிஞ்சா பாதிப் பேரு நாளைக்கே வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க. நான் வேணா மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசட்டுமா?"

"எதுக்கு முதலாளி? நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்."

இந்த 'நான் இருக்கேன்ல' என்ற வார்த்தையை யாராவது எனக்கு வாய்க்குள் தைத்து மூடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜிப் வைத்தாலும் சரி.

நேராகக் கட்டிங் அறைக்குப் போனேன். நீள மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்துக்கொண்டிருந்தார் மாஸ்டர்.

"மாஸ்டர், அந்த ஜாக்கெட் பதினெட்டாந்தேதி போகணும். சாயந்திரம் நாலு மணி. நெஜமா."

"சரி சார்."

"இல்ல மாஸ்டர், இந்தத் தடவை நெஜமாவே நெஜம்."

"நான் எப்ப இல்லைன்னேன்?"

சூப்பர்வைசரம்மாவிடம் போனேன். கப்பல் மாறியதைப் பற்றி முதலாளி பிறகு மெயிலில் அனுப்பிய கடிதத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். அந்தம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"போன வருசம் காட்டினீங்களே அண்ணே, அதவிட இது நல்லா வந்திருக்கு. எழுத்தெல்லாம் பளிச்சுன்னு இருக்கு."

டேப்பு அதுகூடச் சொல்லவில்லை. "நாலு மணியா? ஆகட்டும்ணே" என்று சொல்லிவிட்டுப் பெட்டி மேல் உட்கார்ந்து நகம் வெட்டினான்.

சனிக்கிழமை மதியம் போய்ப் பார்க்கிறேன், முன்பே வெட்டியிருந்த நீலம் மட்டும் லைனில் ஓடிக்கொண்டிருக்கிறது. சிவப்பும் சாம்பலும் சுருட்டிய சுருள் சுருட்டியபடி ராக்கில் தூங்குகின்றன. மாஸ்டர் வேறு ஆர்டருக்குச் சட்டை வெட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். கெஞ்சினேன். செத்துப்போன என் அம்மா மேல் சத்தியம் செய்தேன்.

"உங்கம்மா மேல மார்ச்சுலயும் பண்ணீங்க சார்" என்றார் மாஸ்டர், கத்தரியை நிறுத்தாமல்.

ஞாயிற்றுக்கிழமை. வீட்டு மொட்டை மாடியில் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் கிளிப் எடுத்துக் கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்தேன். இரண்டு கிளிப் கொடுத்தேன், மூன்றாவது கொடுக்கவில்லை.

"என்ன, கிளிப்புக்கும் லேட்டா?" என்றாள்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. நாலாம் லைன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஈரப் போர்வையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். தண்ணீர் அவள் காலில் சொட்டியது.

"முப்பத்திரண்டு பேருமா?"

"உன்னையும் சேத்து."

"பத்தாவது மெஷின்ல இருக்காளே, அவ இப்பதான் ரெண்டு புள்ளையையும் பள்ளிக்கூடத்துல சேத்திருக்கா." போர்வையை ஒருமுறை முறுக்கிப் பிழிந்தாள். "சரி, மாஸ்டர்கிட்ட என்னன்னு சொன்னீங்க? சொன்னத அப்படியே சொல்லுங்க."

"பதினெட்டாந்தேதி, சாயந்திரம் நாலு மணின்னு சொன்னேன்."

அவள் போர்வையைக் கொடியில் போட்டாள். போட்டுவிட்டுச் சிரித்தாள். அழுகையும் கலந்த சிரிப்பு.

"மணி சொன்னீங்களா?"

"ஆமா. கேட் மூடற மணி."

"அதாங்க. நீங்க பொய் சொன்னா மணியும் சேத்துச் சொல்லுவீங்க. பதினாறாந்தேதி பகல் பதினொன்றரை, இருபதாந்தேதி மூணே கால்னு. எப்பவாவது தப்பித்தவறி நெஜம் சொன்னா வெறும் தேதிய மொனகிட்டுப் போயிடுவீங்க. நம்ம கம்பெனியில இது தெரியாத ஆளே கிடையாது."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"புதுசா சேர்றவங்களுக்கு மொத நாளே சொல்லிடுவோம். கழிவறை எங்க இருக்கு, குடிதண்ணி எங்க இருக்கு, பொய்க் காலண்டர் மணி சொன்னா பயப்படாதீங்க, இவ்வளவுதான் சொல்லுவோம்."

பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் உட்கார்ந்தேன். இருபது வருடம். மணியையும் சேர்த்துச் சொன்னால் நம்புவார்கள் என்று நானாக யோசித்து வைத்த கெட்டிக்காரத்தனம் அது. வெறுமனே பதினாறு என்றால் உருட்டின மாதிரி இருக்கும், பதினொன்றரை என்று சேர்த்தால் கணக்குப் போட்ட மாதிரி இருக்கும் என்பது என் சித்தாந்தம். இப்போது கூரை முழுக்க ஓட்டையாக இருக்கும் வீட்டுக்கு வாசலில் பூட்டுப் போட்டுக் காவல் காத்தவன் மாதிரி ஆகிவிட்டது.

"ஏன் எனக்குச் சொல்லல?"

"சொல்லிட்டா மாத்திக்குவீங்களே. அப்புறம் எங்களுக்கு நெஜத் தேதி எப்படித் தெரியும்?"

வாளியிலிருந்து எழுந்து மூன்றாவது கிளிப்பை எடுத்துக் கொடுத்தேன்.

அவளே வழியும் சொன்னாள். "நாளைக்குப் போயி பதினெட்டுன்னு மட்டும் சொல்லுங்க. முகத்தச் சுளிக்காதீங்க. சத்தியம் பண்ணாதீங்க. மணியப் பத்தி மட்டும் வாயத் திறந்துடாதீங்க, எல்லாம் கலைஞ்சிடும்."

திங்கட்கிழமை காலை எட்டு. மாஸ்டர் சுண்ணாம்புக் கட்டியைக் கூர் தீட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஜாக்கெட் பதினெட்டு."

"எத்தன மணிக்கு?"

"தெரியல."

சுண்ணாம்புக் கட்டி நின்றது. "தெரியலையா?"

"ம்."

மாஸ்டரின் முகம் வெளுத்தது. "யோவ் சார்! நெஜமாவா? ஒம்போதாந்தேதி ஆயிடுச்சே! சொல்றதுக்கு இவ்வளவு நாளா?" பதிலுக்குக்கூட நிற்கவில்லை. சட்டைத் துணியை அப்படியே மேஜையிலிருந்து தள்ளிவிட்டு, "சிவப்ப எடுங்கய்யா!" என்று ராக்குக்கு ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு விஷயம் ஒளிக்காமல் எழுத வேண்டும். 'பதினேழு' என்று சொல்லிவிடலாம் என்று நாக்கின் நுனி வரை வந்தது. மணி சேர்க்காமல் சொன்னால் எதையும் நம்புவார்கள் என்று தெரிந்துவிட்டதே. புது ஆயுதம் கிடைத்த அரை நாளிலேயே அதைத் திருட்டுத்தனமாக வீச ஆசை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஏழாவது மெஷினிலிருந்து ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் பதினெட்டு என்றேன். நல்ல புத்தி எல்லாம் இல்லை, பயம்.

சூப்பர்வைசரம்மாவிடமும் டேப்புவிடமும் அதே பதினெட்டை மணி சேர்க்காமல் சொன்னேன். அதன் பிறகு நாலாம் லைன் ஓடிய ஓட்டத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சூப்பர்வைசரம்மா மெஷின்களுக்கு நடுவே நடந்த நடையில் செருப்பே தேய்ந்திருக்கும். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தால் பாவமாக வேறு பார்த்தார்கள், மணி மறந்துபோன மனுசன் என்று. பதினேழாம் தேதி மாலை கடைசிச் சாம்பல் ஜாக்கெட்டில் என் மனைவி ஜிப் வைத்தாள்.

பதினெட்டு, புதன்கிழமை. துறைமுகம் ஒன்றேகால் மணி நேரப் பயணம். பகல் பன்னிரண்டுக்கு லாரி வர வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லியிருந்தேன். ஒன்றரைக்குத்தான் வந்தான். கோபமே வரவில்லை. நான் ஒன்றரைக்கு வர வேண்டும் என்று நினைத்துத்தான் பன்னிரண்டு என்று சொல்லியிருந்தேன். அவனும் அதைத் தெரிந்துதான் வந்திருந்தான்.

பேக்கிங் அறைக்குள் போனேன். நூற்றைம்பது பெட்டியில் ஐம்பத்தெட்டு பாக்கி. டேப்பு பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜாக்கெட்டாக மடித்துக்கொண்டிருந்தான்.

"டேப்பு, எப்ப முடியும்?"

"ஏழு மணிக்குள்ள அடிச்சிடலாம்ணே. பதினெட்டுக்குள்ளதானே? இன்னிக்கு நைட்டு பன்னெண்டு வரைக்கும் பதினெட்டுதான்."

அவன் மேல் தப்பே இல்லை. மணியை ஒளித்தவன் நான்.

ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறினேன். அது லேசாக அமுங்கியது. "எல்லாரும் இங்க வாங்க!" என்று கத்தினேன். நாலாம் லைன், கட்டிங் ஆட்கள், சூப்பர்வைசரம்மா எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள்.

"நாலு மணிக்குத் துறைமுகத்துல கேட்ட மூடிடுவாங்க. ரெண்டரைக்கு லாரி கெளம்பணும். போகலைன்னா நாலாம் லைன மூடிடுவாங்க. முதலாளி சொல்லக் கூடாதுன்னாரு. நான் சொல்லிட்டேன்."

பத்தாவது மெஷின் பெண்தான் முதலில் பேசினாள். "இத முதல்லயே சொல்லக் கூடாதாண்ணே?"

"சொன்னேனேம்மா! நாலாந்தேதியே சொன்னேனே! பதினெட்டு, நாலு மணின்னு தொண்டை கிழிய சொன்னேனே!"

"அப்படிச் சொன்னா யாரு சார் நம்புவா?" என்றார் மாஸ்டர். கேட்டதில் நியாயம் இருந்தது.

"இப்பவும் மணி சொல்றாரு பாருங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். டேப்பு மறுபடியும் மடிக்க ஆரம்பித்தான், அதே வேகத்தில். இதற்கு மேல் சொல்ல என்னிடம் வேறு உண்மையும் இல்லை.

அப்போது என் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சார் சொல்றது நெஜம்."

"எப்படிக்கா சொல்றீங்க?"

"அவர் கால்ல பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். நானும் குனிந்து பார்த்தேன். ஒரு காலில் கறுப்புச் செருப்பு. இன்னொரு காலில் பழுப்பு. பழுப்பு என்னுடையதுகூட இல்லை, எதிர்வீட்டுக்காரருடையது.

"காலைல ஏழு மணியிலேர்ந்து இப்படியேதான் திரியறாரு" என்றாள். "பொய் சொல்ற அன்னிக்கு இவர் நல்லா சீவிச் சிங்காரிச்சுட்டு வருவாரு."

அவ்வளவுதான். மாஸ்டர் என் கண்ணெதிரே சட்டைக் கையை மடித்தார். முப்பத்திரண்டு பெண்களும் மேஜையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒருத்தி மடிக்க, ஒருத்தி கவரில் போட, ஒருத்தி அளவுச் சீட்டு ஒட்ட, சூப்பர்வைசரம்மா சத்தம்போட்டு எண்ண, டேப்பு கையிலிருந்த வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இன்னொரு சுருளைப் பிய்த்தான். நானும் உதவப் போனேன். "நீங்க மேல ஏறி மணி மட்டும் சொல்லுங்க அண்ணே, அதான் உங்களுக்கு நல்லா வருது" என்று துரத்திவிட்டார்கள். ஏறி நின்று மணி சொன்னேன். ஒன்று ஐம்பது. இரண்டு பத்து. இரண்டு இருபத்தைந்து. என் வாழ்நாளில் அத்தனை உண்மை மணியை நான் ஒரே நாளில் சொன்னதில்லை.

இரண்டு முப்பத்து மூன்றுக்கு லாரி வெளியே போனது. மூன்று ஐம்பத்தொன்றுக்கு டிரைவர் போன் செய்தான். "உள்ள வந்துட்டேன். என் பின்னாடி இன்னும் ஒரு வண்டி, அப்புறம் மூடிட்டாங்க."

முதலாளி சாயந்திரம் போனில் கேட்டார். "போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"ம்" என்றார். அந்த 'ம்'மில் நாலாம் லைன் பிழைத்தது. அடுத்த சீசன் ஆர்டர் வந்தது. ஏழாவது மெஷினும் பத்தாவது மெஷினும் இன்றைக்கும் ஓடுகின்றன.

இப்போது என் அறைப் பலகையில் நிஜத் தேதியைத்தான் எழுதுகிறேன், மணியோடு. மாஸ்டர் இன்னும் பழக்க தோஷத்தில் இரண்டு நாள் கூட்டுகிறார். முன்பு நான்கு, இப்போது இரண்டு. இந்த வேகத்தில் போனால் நான் ஓய்வு பெறுவதற்குள் நம்பிவிடுவார்.

போன வாரம் காலையில் கிளம்பும்போது மனைவி கேட்டாள், அவளுக்கு அன்று விடுப்பு. "எப்ப வருவீங்க?"

"சாயந்திரம் ஆறு மணிக்கு."

"சரி" என்றாள். அந்தச் சரியை நான் சரியாகக் கவனித்திருக்க வேண்டும்.

ஆறு மணிக்கு ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. மாடிப்படி ஏறி வந்தேன். கதவில் பூட்டு. சாவி அவளிடம். போன் செய்தேன். "அக்கா வீட்டுல இருக்கேங்க. ஆறு மணின்னு சொன்னீங்கள்ல, எட்டரைக்குத்தானே வருவீங்கன்னு இப்பதான் வந்து உக்காந்தேன். எங்க இருக்கீங்க?"

"கம்பெனியிலதான்" என்று சொல்லிவிட்டேன். இப்போதுதான் உட்கார்ந்தவளை எப்படி எழுப்புவது?

படியில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். முதலில் என் காலைத்தான் பார்த்தார். இரண்டு செருப்பும் என்னுடையவை என்று உறுதியானதும் முகத்தைப் பார்த்தார்.

"என்ன அண்ணே, வெளியில உக்காந்திருக்கீங்க?"

"சரக்கு வர இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு" என்றேன்.